பெட்டிக்காரர் வாங்கிய பலகை

அந்தத் தெருவில் ஒருவர் உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்று அறிய வேண்டுமானால் பட்டறை வாசலில் அவர் நடையைக் கவனித்தால் போதும். வெளியூர்க்காரர்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். மர வாசனை மூக்குக்கு இதமாக இருக்கிறதே என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் நீண்ட மூடிகள் கண்ணில் பட்ட பிறகுதான் அவர்கள் முகம் மாறும். உள்ளூர்க்காரர்கள் நிற்கவே மாட்டார்கள். நின்றால் பெட்டிக்காரர் ஏறிட்டுப் பார்ப்பார். அவர் ஒரு தரம் பார்த்துவிட்டால் ஆள் எத்தனை அடி, தோள் எவ்வளவு அகலம், எடை என்ன என்பதெல்லாம் அவர் மனத்தில் பதிந்துவிடும் என்பது ஊரறிந்த செய்தி.

"அண்ணே, என் பக்கம் மட்டும் திரும்பாதீங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்று எதிர்ச்சாரியிலிருந்து முடிதிருத்துபவர் குரல் கொடுப்பார்.

"உனக்கு மரம் எடுத்து வச்சு ரெண்டு வருஷமாச்சு. நீதான் வரமாட்டேங்கறே."

"அதைக் கட்டிலாப் பண்ணிக் குடுங்க. கல்யாணத்துக்கு ஆகும்."

"கட்டில் செய்யத் தெரியாதுப்பா. நான் செஞ்சதுல படுத்தவன் எவனும் புரண்டு படுத்தது இல்ல."

தெருவே சிரிக்கும். பெட்டிக்காரர் மட்டும் சிரிக்காமல் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருப்பார். சவப்பெட்டி செய்பவர் தாமே சிரித்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

தொழிலை அவர் மாமனாரிடம் கற்றார். மாமனாரின் பெண்ணைக் கட்டினார். மாமனார் போன பிறகு மைத்துனனோடு சேர்ந்து பட்டறையை நடத்தினார். அவர் அளந்து, அறுத்து, இழைத்துக் கொடுப்பார். மைத்துனன் கைப்பிடி பூட்டி வார்னிஷ் அடிப்பான். அந்தப் பட்டறைக்கு என்று ஒரே ஒரு விதி இருந்தது. உயிரோடிருப்பவர் உடம்பில் அளவு நாடா படக் கூடாது. தையற்காரரின் நாடா வேறு. பெட்டி செய்பவரின் நாடா வேறு. விளையாட்டுக்குக்கூட ஒருவர் தோளில் அதைப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். பெட்டிக்காரர் இந்த விதியை இன்னும் இறுக்கிக்கொண்டார். நாடா படக் கூடாது என்றால் கண்ணும் படக் கூடாது என்று தமக்குத்தாமே கட்டளை இட்டுக்கொண்டார். ஊரையெல்லாம் ஒரே பார்வையில் அளந்த மனிதர் தம் மனைவியையும் மகளையும் முகத்துக்குக் கீழே பார்க்காமலே வாழப் பழகினார். அது ஒன்றும் சுலபமாக வரவில்லை. பழகப் பழகக் கண் தானாகவே முகத்தோடு நின்றுகொள்ளக் கற்றது.

மனைவி காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போனபோது அந்தப் பழக்கத்தின் விலை தெரிந்தது. இறந்தவரை அளப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் நாடாவைக் கையில் எடுத்த பெட்டிக்காரருக்கு மருத்துவமனை அறையின் வாசலைத் தாண்டக் கால் வரவில்லை.

"நான் போய் அளந்துட்டு வரேன் மாமா" என்றான் மைத்துனன்.

"இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி அவர் நேரே பட்டறைக்குப் போய் மரத்தை அறுத்தார்.

அவர் நினைவில் அவள் பெரியவளாக இருந்தாள். வீட்டில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அந்த அறை நிறைந்துவிடும்படி இருந்தவள். அந்த நினைவின் அளவுக்கே பெட்டியைச் செய்தார். தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது உள்ளே அவள் சரிந்தாள். தலைமாட்டுப் பலகையில் மந்தமாக ஓர் ஓசை கேட்டது. தெருமுனையில் திரும்பும்போது மறுபடியும் கேட்டது. தூக்கியவர்கள் அறுவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து, வார்னிஷ் தூரிகையைக் கழுவிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி மைத்துனன் ஒரு வார்த்தை சொன்னான்: "அக்கா அஞ்சடிதான் மாமா. அதுக்கு மேல ஒரு நூல் கிடையாது."

அன்று முதல் பெட்டிக்காரர் எந்தப் பெட்டியிலும் மிச்சம் விடுவதில்லை. ஆள் அசையாதபடிதான் செய்வார். அவர் பெட்டியிலிருந்து பிறகு ஒருநாளும் ஓசை வந்ததில்லை.

அந்த ஊர்க் கடல் நெடுங்காலம் மீனவர்களுக்கும் பெட்டிக்காரருக்கும் மட்டுமே வேலை கொடுத்து வந்தது. பிறகு அலைச்சறுக்கு வந்தது. கரையோரம் விடுதிகள் வந்தன. பலகைகளை வாடகைக்கு விடும் கூடாரங்கள் வந்தன. வெயிலில் தோல் உரிந்த வெளியூர்ப் பிள்ளைகள் பலகையைத் தலையில் சுமந்து தெருவில் திரிந்தார்கள். அலை பெருக்கெடுக்கும் மாதங்களில் அவர்களில் யாரேனும் ஒருவர் பெட்டிக்காரரிடம் வந்து சேர்வது வழக்கமாயிற்று. ஒரு தடவை, இரண்டாக முறிந்த பலகையையும் பிள்ளையோடு வைத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு தாய் கேட்டாள். பெட்டியை அகலமாகச் செய்ய வேண்டியிருந்தது. பலகையின் இரு பாதிகளையும் இருபுறமும் செருகியபோதுதான் பெட்டிக்காரர் முதன்முறையாக ஓர் அலைப்பலகையைக் கையால் தொட்டார். உள்ளே வெறும் நுரை. மேலே முட்டை ஓடு போல ஒரு பூச்சு. இதை நம்பியா கடலுக்குள் போகிறார்கள் என்று அன்று இரவு சாப்பிடாமல் படுத்தார்.

அவருடைய மகள் கரையோர விடுதி ஒன்றின் சலவையறையில் வேலை பார்த்தாள். வயது இருபது. ஊர் முழுவதும் அவளை அம்மாவை அப்படியே உரித்து வைத்தவள் என்று சொல்லும். அதே அகன்ற நெற்றி. சிரிப்பதற்கு முன்பே சுருங்கிவிடும் அதே கண்கள். பெட்டிக்காரர் அவளைக் குட்டி என்றுதான் இன்னும் அழைத்தார். மத்தியானத்தில் சாப்பாடு கொண்டுவரும்போது பட்டறையின் பின்வாசல் வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு வருவாள். அம்மாவின் அடக்கம் அப்படியே வந்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அடக்கமான அந்தப் பெண் விடுமுறை நாட்களில் கடலுக்குள் போய் வருகிறாள் என்பதை அவர் அவள் தலைமுடியின் உப்பு வாசனையால் அறிந்தார்.

"இனிமே அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது" என்றார்.

"ஏன்?"

"ஏன்னு நீ கேக்கறியா? என் பட்டறையில வளர்ந்த நீ கேக்கறியா?"

"அப்பா, கடலுக்குப் போறவங்க எல்லாரும் உன்கிட்ட வர்றதில்ல. வர்றவங்களை மட்டும்தான் நீ பாக்கறே."

பதில் இல்லாதவர்கள் செய்வதையே அவரும் செய்தார். மகளோடு பேசுவதை நிறுத்தினார். வீட்டில் இருவர்தாம். அந்த இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றால் தட்டு வைக்கும் ஓசைகூடக் கோபமாகக் கேட்கும். அவள் போவதை நிறுத்தவில்லை.

கடைசியில் ஒருநாள் மைத்துனன்தான் பேச்சை எடுத்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. கரைப் பக்கம் போனேன். குட்டி எவனோ விட்டுட்டுப் போன ஓட்டை போர்டை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுது. கால்ல கட்டற கயிறு மூணு எடத்துல முடிச்சு. அது அறுந்தா போர்டு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். போறதைத் தடுக்க முடியாதுன்னா, நல்லதா ஒண்ணு வாங்கியாவது குடுங்க."

பெட்டிக்காரர் அன்று முழுவதும் ஒரே பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். பலகை காகிதம் போல ஆகிவிட்டது. மறுநாள் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு அலைப்பலகைக் கடைக்குப் போனார்.

கடை நீளமான கொட்டகை. உள்ளே இருபுறமும் பலகைகள் நிமிர்ந்து நின்றன. சுவரோரம், ஒன்றையொன்று ஒட்டி, தோளில் அகன்று கீழே குறுகி. தம் பட்டறையை யாரோ வண்ணம் பூசி இங்கே கொண்டுவந்து வைத்தாற்போல் இருந்தது.

கடையை நடத்திய அம்மாள் பருத்த உடம்பும் உரத்த குரலும் உடையவர். ஊருக்குப் புதியவர், பெட்டிக்காரரை அவருக்குத் தெரியாது.

"வாங்கண்ணே. யாருக்கு, உங்களுக்கா?"

"என் பொண்ணுக்கு. புதுசாக் கத்துக்கறா."

"முதல் போர்டா? அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. இந்தப் பக்கம் பளபளன்னு ஒல்லியா நிக்குதே, அதையெல்லாம் ஏறெடுத்தும் பாக்காதீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் தடவிப் பாப்பாங்க. வாங்கிட்டுப் போய் ஒரு மாசம் தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்பி வருவாங்க. முதல் போர்டு கிழட்டு எருமை மாதிரி இருக்கணும். அவசரப்படாது, ஆளையும் கவுக்காது." அந்த அம்மாள் கோடியில் நின்ற பலகை ஒன்றை இழுத்து முன்னால் நிறுத்தினார். ஒன்பதடி இருக்கும், நல்ல தடிமன், மேற்புறம் மெத்தென்று இருந்தது. "இதுதான் எருமை. மேல நுரை மெத்தை, மண்டையில பட்டாலும் வீங்கறதோட போயிடும். அடியில இருக்கற செட்டைகூட ரப்பர்தான், கிழிக்காது."

பெட்டிக்காரர் அதைப் பார்த்தார். பார்த்ததும் நீளமும் அகலமும் தாமாகவே கணக்காயின. அதன் கீழே ஓர் ஆளைக் கிடத்தினால் தலைமாட்டில் எவ்வளவு, கால்மாட்டில் எவ்வளவு மிஞ்சும் என்று கண் அளந்துவிட்டது. என்றோ மனைவியின் பெட்டி இறங்கிய படியில் கேட்ட ஓசை காதில் மறுபடி கேட்டது.

"இவ்வளவு மிச்சம் எதுக்கு?" என்றார்.

"மிச்சம்தாண்ணே ஆளைத் தூக்கும். ஆளுக்குச் சரியா வெட்டின மாதிரி வாங்கினா அது தேர்ந்தவங்களுக்கு. புதுசுன்னா, கையை நேராத் தூக்கிக்கிட்டு பக்கத்துல நிக்கணும். விரல் நுனிக்கு மேல ஒரு முழமாவது போர்டு இருக்கணும். அதான் கணக்கு. பொண்ணு என்ன உயரம்?"

பெட்டிக்காரரின் வாய் உடனே திறக்கவில்லை. எத்தனையோ பேரின் உயரத்தைச் சொன்ன நாக்கு அது. மகளை நினைத்துப் பார்த்தார். நெற்றி வந்தது, கண் வந்தது, சிரிப்பு வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே வரவில்லை.

"கூட்டிட்டே வாங்களேன். நிக்கவச்சு நாடாவைப் போட்டுப் பாத்துடலாம்" என்று அந்த அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்து நாடாவை எடுத்தார்.

"நாடா வேண்டாம்" என்றார் பெட்டிக்காரர் சட்டென்று. அவர் குரல் அவருக்கே கடுமையாகக் கேட்டது. "எனக்குக் கண்ணளவு போதும். உங்களுக்கு அஞ்சடி மூணு அங்குலம். எடை எழுபத்தெட்டு."

"ஐயையோ!" என்று அந்த அம்மாள் வாயில் கையை வைத்தார். "எழுபத்திரண்டுன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சாதிச்சிட்டிருக்கேன். எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? என்ன தொழில் பண்றீங்க?"

"மரவேலை."

"மரவேலைக்காரர் கண்ணா இது! எடை மெஷினை முழுங்கிட்டு வந்திருக்கீங்க. சரி, நீங்க சொன்னா நான் மறுபேச்சே பேசல. பொண்ணுக்கு என்ன அளவு?"

அம்மாவை அப்படியே உரித்து வைத்தவள். ஊரே சொல்கிறது. அம்மாவின் அளவுதான் அவருக்குத் தெரியுமே. அறிய வேண்டிய நேரத்தில் அறியாமல் போய், அதன் பிறகு ஒருநாளும் மறக்காத அளவு.

"அஞ்சடி. நாப்பத்தஞ்சு கிலோ" என்றார்.

அந்த அம்மாளின் முகத்தில் அதற்குப் பிறகு சந்தேகத்தின் நிழலே இல்லை. ஒன்பதடியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். "அவ்வளவு சின்னப் பொண்ணா? அப்ப எட்டு போதும்" என்று ஒன்றை எடுத்தார். பெட்டிக்காரர் தலையை அசைத்தார். பக்கத்தில் நின்ற நீல நிற ஏழடிப் பலகையைக் காட்டினார். அதுதான் அந்தக் கொட்டகையில் மூடியைப் போலத் தோன்றாத ஒரே பலகை.

"ஏழா? நீங்க சொன்ன அளவுன்னா சமாளிக்கும். ஆனா ஒரு பத்துக் கிலோ கூடினாலும் அமுங்கிடும். சின்னப் புள்ளைங்களுக்குன்னு செஞ்சது. சொல்லிட்டேன்."

"கூடாது" என்றார் பெட்டிக்காரர்.

காலில் கட்டும் கயிற்றை மட்டும் அவர் நெடுநேரம் இழுத்துப் பார்த்து, இருப்பவற்றில் உறுதியானதைத் தேர்ந்தெடுத்தார்.

அன்று மாலை வேலை முடிந்து வந்த மகள் கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்த நீலப் பலகையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பெட்டிக்காரர் அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! எனக்கா?"

"பின்ன எனக்கா? நான் போய் அலை மேல நின்னா ஊரே கரையேறி ஓடிடும்."

அவள் ஓடிவந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வைப்பதற்கு அவள் குனிய வேண்டியிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. பிறகு கொல்லைக்குப் போய்ப் பலகையின் அருகில் நின்று கையை நேராகத் தூக்கிப் பார்த்தாள். விரல் நுனி பலகையின் நுனியைத் தொட்டது. மேலே ஒரு முழமென்ன, ஒரு விரற்கடைகூட மிஞ்சவில்லை. விடுதிக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருந்தது. கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். சமையலறையிலிருந்து, எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, அப்பா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவள் உள்ளே போனாள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு திரும்பியது. அவள் கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு மாலையும் பெட்டிக்காரர் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"நின்னியா?"

"நின்னேம்பா."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

அவள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கரையோரத்து நுரையலையில் அந்தப் பலகை அவள் எடைக்கு அமுங்கிச் சேறு மிதித்த செருப்பைப் போல இழுத்தது. அலை அவளை விட்டுவிட்டுத் தாண்டிப் போனது. அருகில் பருமனான வெளியூர்க்காரர்கள் எருமைப் பலகைகளில் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். "உன்னோடது பொம்மைப்பா, மாத்து" என்று உடன் வேலை பார்ப்பவள் சொன்னாள். "எங்கப்பா வாங்கினது" என்று இவள் பதில் சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. சிறிய பலகையும் செங்குத்தான அலையில் ஓடும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, சலவையறையில் வேலை குறைந்த ஒரு நாளில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மணல்திட்டுக்கு அப்பால் அலை சுவர்போல் எழும் இடத்துக்கு அவள் போனாள். ஒரு மாலையாவது அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை.

பட்டறையில் தொலைபேசி ஒலித்தது. கரையில் இருந்த உயிர்காப்பாளர்களின் கூண்டில் பட்டறையின் எண் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து அழைப்பு வருவது அவருக்குப் புதிதல்ல. குரல்தான் புதிது. வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன ஆள்.

"பெட்டிக்காரருங்களா? இங்க ஒரு பொண்ணு அடிபட்டுக் கிடக்குதுங்க. போர்டோட நுனி தண்ணியில குத்தி, தலைகீழா மணல்திட்டுல விழுந்திருக்கு. முகம் பூரா ரத்தம், அடையாளம் தெரியல. இங்க ஒருத்தரு உங்க பொண்ணா இருக்குமோன்னு சந்தேகப்படறாரு."

பெட்டிக்காரரின் கையிலிருந்த உளி மேசையில் விழுந்தது. அந்த நேரத்தில் அவருக்குத் துணை நின்றது அவருடைய தொழில்தான். வாழ்நாளெல்லாம் அந்தத் தொலைபேசியில் கேட்ட கேள்வியை அவர் வாய் தானாகக் கேட்டது.

"உயரம் என்ன இருக்கும்?"

"உயரமா?" எதிர்க்குரல் தடுமாறியது. "நல்ல உயரங்க. அஞ்சரை அடிக்குக் குறையாது. தூக்குப் படுக்கையில காலு வெளிய நீட்டிட்டு நிக்குது."

பெட்டிக்காரருக்கு மூச்சு வந்தது. பக்கத்திலிருந்த மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் பொண்ணு இல்ல. அவ அஞ்சடி" என்றார். "இந்நேரம் அவ சலவையறையில இருப்பா."

தொலைபேசியை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். யார் பெற்ற பிள்ளையோ என்று இரக்கப்பட்டார். தலைகீழாகத் திட்டில் விழுந்தவர்கள் மீள்வது அபூர்வம் என்பது அவர் அனுபவம். எழுந்து போய் மர அடுக்கைக் கலைத்து, ஐந்தரை அடிக்கு ஏற்ற பலகைகளைத் தேர்ந்தெடுத்துக் கீழே அடுக்கத் தொடங்கினார். முடிச்சில்லாத நல்ல பலகைகளாகவே எடுத்தார்.

வார்னிஷ் வாங்கப் போயிருந்த மைத்துனன் அரைமணி நேரம் கழித்துத் திரும்பினான். "யாருக்கு மாமா?"

"தெரியல. கடற்கரையில ஒரு பொண்ணு. இன்னும் போகல, ஆனா தாங்காதுன்னு தோணுது. நம்ம குட்டியோன்னு கேட்டாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. அப்புறம் அளவு கேட்டேன். அஞ்சரை அடியாம்."

மைத்துனன் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே நின்றான்.

"மாமா" என்றான். "குட்டி அஞ்சரை அடிதான்."

"என்ன உளர்றே? அவ அவங்கம்மா மாதிரி."

"மூஞ்சி அக்கா மாதிரி. உயரம் உங்க மாதிரி. என் காதுக்கு மேல நிக்குது. இந்தப் பின்வாசல்ல நாலு வருஷமாக் குனிஞ்சுதானே வருது, நீங்க பாத்ததே இல்லையா?"

பெட்டிக்காரர் பின்வாசலைப் பார்த்தார். நிலையின் உயரம் அவருக்குத் தெரியும். அவரே அடித்த நிலை. பிறகு காலடியில் தாம் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார்.

அவர் கடற்கரைக்கு ஓடினார். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஓடினார். தாழ்வாரத்தின் கோடியில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ரத்தத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள், முகம் வெளியே தெரிந்தது. கழுத்தை இருபுறமும் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, போர்வைக்குள், அவர் வாழ்நாளில் பார்க்காத நீளத்துக்கு ஓர் உடம்பு இருந்தது.

"நீங்க யாரு?" என்றாள் செவிலி.

"அப்பா."

"அப்பாவா? கரையிலேர்ந்து ஃபோன் பண்ணப்போ இல்லேன்னுட்டாங்கன்னு சொன்னாங்களே. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்குக் கையெழுத்து வாங்க ஆளைத் தேடிட்டிருக்கோம்."

அரைமணி நேரம் முன்னதாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை. பெட்டிக்காரரும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை; பிறகும் கேட்கவில்லை.

மகள் பிழைத்தாள். கழுத்தெலும்பில் விரிசல். கைகளுக்கு அசைவு திரும்ப வந்தது. இடது கால் மெல்ல மெல்ல வந்தது. வலது கால் வரும் வரும் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்து, பிறகு சொல்வதைக் குறைத்தார்கள். பேசத் தெம்பு வந்த நாளில் அவள் கேட்ட முதல் கேள்விக்காக அவர் காத்திருந்தார். அந்தக் கேள்வியேதான் வந்தது.

"மணல்ல கெடந்தப்போ எனக்குக் காது கேட்டுதுப்பா. வாயைத்தான் தொறக்க முடியல. அந்த ஆளு ஃபோனை வச்சிட்டு, 'அவரு பொண்ணு இல்லையாம்'னான். ஏம்பா அப்படிச் சொன்னே? கடலுக்குப் போனதுக்காகவா?"

பெட்டிக்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னார். மறைக்காமல், நடுவில் நிறுத்தாமல், அம்மாவின் பெட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். திரும்ப முடியாது, கழுத்தில் பட்டை.

"அந்த போர்டு சின்னதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ வாங்கிட்டு வந்ததாச்சே. அதுவும் பேசாம இருந்து பேசினே." பிறகு இதையும் சொன்னாள். "நின்னேன்னு சொன்னதெல்லாம் பொய்ப்பா. ஒருநாளும் நிக்கல."

"தெரியும்மா" என்றார். அவருக்குத் தெரியாது.

ஊன்றுகோல் வைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்று மருத்துவமனையின் பயிற்சியாளர் சொன்ன நாளில், அங்கே இருந்தவை எல்லாம் அவளுக்குக் குட்டையாக இருந்தன. நல்ல உயரமான பெண், அளவெடுத்துத் தனியாகச் செய்ய வேண்டும், அக்குளுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட வேண்டும் என்றார். பெட்டிக்காரர் தாமே செய்வதாகச் சொன்னார். மைத்துனன் உடன் இருந்தான். பெட்டிக்காரரின் சட்டைப் பையில் இருந்த நாடாவைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான்.

"நான் அளந்துடறேன் மாமா."

"வேண்டாம். நீ அந்த நுனியைப் பிடி."

அவள் கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தாள். அவர் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறார். விதியை மீறுகிறோம் என்ற பயம் வரும் என்று நினைத்தார், வரவில்லை. போர்வையை விலக்கி, மகளை உச்சி முதல் உள்ளங்கால் வரை, அவள் பிறந்த பிறகு முதன்முறையாக, முழுவதுமாகப் பார்த்தார். மைத்துனன் அவள் அக்குளில் நுனியைப் பிடித்துக்கொண்டான். பெட்டிக்காரர் நாடாவை மெதுவாகக் கீழே இழுத்து வந்தார். நாடாவின் பித்தளை விளிம்பு இடது குதிகாலில் பட்டதும் அவள் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, சில்லுன்னு இருக்குப்பா!"

அவள் சிரித்தாள். அவர் அளவைச் சொன்னார். மைத்துனன் திரும்பச் சொன்னான். பிறகு பெட்டிக்காரர் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்து, வலது குதிகாலில் விளிம்பை வைத்தார். வைத்தபடியே இருந்தார். சற்று அழுத்தினார்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, அந்தக் காலையும் அளக்கலையா?"

"அளந்துட்டேம்மா" என்றார் பெட்டிக்காரர். "ரெண்டும் ஒரே அளவுதான்."